சிங்கப்பூரில் ரெய்கி ஆசிரியராக: படிப்பு, பணம், பத்திரங்கள்

மாஸ்டர் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். ஆனால் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தீட்சை (மாணவருக்கு ரெய்கியைத் திறந்துவிடும் சடங்கு) கொடுக்கச் சொன்னால், அவருக்குப் பின்னால் நிற்பதா முன்னால் நிற்பதா என்றே தெரியாது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர். கட்டிய பணமும் சின்னத் தொகை இல்லை. திருப்பிக் கேட்கலாம் என்றால் ரசீதில் ‘ரெய்கி 3’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

இன்னும் முதல் நிலையே படிக்காதவருக்கும், இரண்டாம் நிலை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவருக்கும் இந்தக் கட்டுரை. ரெய்கி என்பது உடலின் மேல் கைவைத்து, சக்தியை அனுப்புவதாக நம்பிச் செய்யும் முறை. அதை மூன்று நிலையாகக் கற்பார்கள், மூன்றாவதுதான் மாஸ்டர் நிலை. அது எங்கே பிறந்தது, யார் கொண்டுவந்தார் என்ற கதையை விட்டுவிடுகிறேன். எதை எப்போது செய்வது, எந்தத் தாள் தேவை, எவ்வளவு செலவாகும், எங்கே சறுக்கும் என்பதை மட்டும் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்று. சிங்கப்பூரில் ரெய்கிக்கு அரசாங்க உரிமமோ பதிவேடோ கிடையாது. சீன மருத்துவர்களுக்கு இருப்பதைப் போன்ற ஒரு வாரியம் ரெய்கிக்கு இல்லை. ‘அரசு அங்கீகாரம் பெற்ற ரெய்கி மாஸ்டர்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த ஒரு வரியே அவரைத் தவிர்க்கப் போதுமான காரணம். ஆனால் உரிமம் இல்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை அனுமதி, வீட்டில் வகுப்பு, விளம்பரம், மாணவர் விவரம், வரி என ஒவ்வொன்றுக்கும் இங்கே விதி இருக்கிறது. பெரும்பாலானோர் தடுக்கி விழுவதும் இவற்றில்தான்.

1. முதலில் கையில் இருக்கும் பாஸைப் பாருங்கள்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இங்கே பெரிய வேலை இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பக்கத் தொழிலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துப் பாருங்கள். அரசாங்கப் பணியில் இருப்பவர்கள் வெளி வேலைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். அனுமதியில் குறிப்பிட்ட முதலாளிக்கு வேலை செய்யத்தான் அந்த பாஸ். ஞாயிற்றுக்கிழமை ரெய்கி கொடுத்துக் காசு வாங்கினால் அது வேறு வேலை. ‘அன்பளிப்பு’ என்று பெயர் மாற்றினாலும், பேநவ் பணப் பரிமாற்றத்தில் 50 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) வந்தது என்றாலும் நிலைமை மாறாது. உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாணவராகக் கற்பதற்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இங்கே படியுங்கள், வீட்டாருக்குச் செய்து பழகுங்கள், தொழிலாகத் தொடங்குவதை ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டிபென்டன்ட் பாஸில் (இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருக்கும் இல்லத்தரசிகள்தான் இதில் அதிக ஆர்வம் காட்டுகிறார்கள். 2021 மே 1 முதல் டிபென்டன்ட் பாஸ்காரர்கள் இங்கே வேலை செய்யத் தனியாக ஒரு வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு ‘லெட்டர் ஆஃப் கன்சென்ட்’ என்ற வழி இருக்கிறது. ஆனால் அந்தத் தொழில் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரையாவது வேலைக்கு வைத்து, உள்ளூர்த் தகுதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, மூன்று மாத மத்திய சேமநிதிச் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். தனியொருவர் நடத்தும் ரெய்கி வகுப்பின் வருமானத்தில் அது கட்டுப்படியாகாது. இந்தக் கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மனிதவள அமைச்சின் இணையப்பக்கத்தில் அன்றைய நிபந்தனையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2. குருவைத் தேர்ந்தெடுப்பது

மூன்றாம் நிலை என்று ஒரே பெயரில் சொன்னாலும் பல வழிகளில் அது இரண்டு துண்டு. 3ஏ என்பது மாஸ்டர் சின்னத்தையும் அதற்கான தீட்சையையும் நீங்கள் பெறுவது. அதோடு உங்கள் சொந்தப் பயிற்சி ஆழமாகும், அவ்வளவுதான். 3பி என்பது பிறருக்குத் தீட்சை கொடுக்கவும் வகுப்பு நடத்தவும் கற்பது. ஆசிரியராவதற்கு 3பி வேண்டும். விளம்பரத்தில் ‘மாஸ்டர்’ என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 3ஏ ஆகவே இருக்கும். பாதிப் பேர் ஏமாறும் இடம் இதுதான். ‘இந்தக் கட்டணத்தில் எல்லா நிலைத் தீட்சையையும் கொடுக்கக் கற்றுத் தருவீர்களா?’ என்று நேராகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

அதோடு கேட்க வேண்டியவை:

- உங்கள் குருவழி என்ன? உசுயி வழியில் தகாட்டா மூலமாக வந்தவர் என்றால், ரெய்கியைத் தொடங்கிய உசுயி, அவருடைய மாணவர் ஹயாஷி, அவரிடம் கற்ற தகாட்டா தொடங்கி அவர் வரைக்கும் பெயர்களை வரிசையாகச் சொல்ல முடிய வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பின்னால் உங்கள் மாணவர் கேட்கும்போது நீங்கள் விழிப்பீர்கள்.
- உங்கள் வகுப்புகளில் நான் எத்தனை முறை உதவியாளராக உட்காரலாம்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
- நான் தீட்சை கொடுக்கும்போது பக்கத்தில் நின்று திருத்துவீர்களா?
- உங்கள் பாடக்கையேட்டை நான் என் மாணவர்களுக்குப் பயன்படுத்தலாமா, சொந்தமாக எழுத வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் தேவையில்லை, சக்தி தானாக வழிநடத்தும்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

விலையில் ஒரு நிலையான அளவு கிடையாது. முதல் நிலைக்குச் சில நூறு வெள்ளி, இரண்டாம் நிலைக்கு அதைவிடச் சற்று அதிகம், ஆசிரியர் நிலைக்குப் பெரும்பாலும் நான்கு இலக்கம். மூன்றையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ விலை சொல்பவரிடம் மொத்தமாகக் கட்டாதீர்கள், விலை குறைந்தாலும் சரி. முதல் நிலை முடிந்த பிறகு அந்தக் குருவோடு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நிலைக்கு நிலை கட்டுங்கள். ரசீதில் நிலை, நாள், மணி, தீட்சைகளின் எண்ணிக்கை, சான்றிதழ் எப்போது, வகுப்பு நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்ற ஆறும் இருக்கட்டும். தகராறு வந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே ரசீதும் வாட்ஸ்அப் செய்தியும்தான் பேசும்.

அரசு தரும் பயிற்சிப் பணமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டைப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்தத் தளத்தில் பாடத்தின் பெயரையும் நடத்துபவரின் பெயரையும் நீங்களே தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லாத பாடத்துக்கு அந்தப் பணம் வராது.

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ விடுமுறையில் போகும்போது படித்துவிடலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. கட்டணம் குறையும், உண்மைதான். தமிழிலேயே பாடம் கேட்பதும் பெரிய வசதி. ஆனால் இரண்டு வாரத்தில் மூன்று நிலையும் முடித்துத் திரும்பினால் நடுவில் பயிற்சிக்கு நாளே இருக்காது, திருத்துவதற்குக் குருவும் பக்கத்தில் இருக்க மாட்டார். முதல் இரண்டு நிலையை அங்கே படித்து, இடைவெளி விட்டு, ஆசிரியர் நிலையை நீங்கள் வகுப்பு நடத்தப்போகும் ஊரில் படிப்பது நல்லது. ஸூம் வழியாகத் தொலைதூரத் தீட்சை மட்டும் பெற்று ஆசிரியராவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கை எங்கே போக வேண்டும் என்பதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது.

3. கால அட்டவணை

அவசரமில்லாமல் செய்தால் தொடக்கத்திலிருந்து முதல் வகுப்பு நடத்தும் நாள் வரை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும்.

முதல் நிலை ஒன்று அல்லது இரண்டு நாள் வகுப்பு. அதன் பிறகு 21 நாள், தினமும் உங்களுக்கு நீங்களே கைவைத்துச் செய்யும் பயிற்சி. ஒரு நாள் விட்டுப்போனால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விட்ட நாளைக் கடைசியில் சேர்த்து முடித்துவிடுங்கள், அது போதும். மூன்று மாதம் கழித்து இரண்டாம் நிலை. அதிலிருந்து ஆறு மாதமாவது பிறருக்குச் செய்து பழகிய பிறகு 3ஏ. பிறகு 3பி, அதோடு குருவின் வகுப்புகளில் குறைந்தது இரண்டு முழுச் சுற்று உதவியாளராக உட்காருவது. கடைசியில் சொன்ன இந்த உட்காருதலை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். மாணவர் அழுதால் குரு என்ன செய்கிறார், தூங்கிவிட்டால் எழுப்புகிறாரா, ‘எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே’ என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்கிறார் என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது.

4. பயிற்சிப் பதிவேடு

இரண்டாம் நிலை முடிந்த நாளிலிருந்து ஒரு நோட்டு. தேதி, எத்தனை நிமிடம், யார் (பெயரின் முதலெழுத்து போதும்), படுத்தா உட்கார்ந்தா, முன்னும் பின்னும் அவர் சொன்னது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். ஆசிரியர் நிலைக்குப் போகும் முன் முப்பது வெவ்வேறு ஆட்கள், அறுபது அமர்வு என்று ஓர் இலக்கு வையுங்கள். ஒரே அக்காவுக்கு அறுபது முறை செய்வதால் வகுப்பு நடத்தும் அனுபவம் வராது. தாத்தா, இளைஞர், உயரமானவர், பருமனானவர், பேசிக்கொண்டே இருப்பவர் எல்லாரும் வேண்டும். இந்தக் கட்டத்தில் காசு வாங்காதீர்கள்.

முழு அமர்வுக்குத் தலையில் நான்கு, முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு எனப் பன்னிரண்டு நிலை. நிலைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஒரு மணி. மடியில் கைப்பேசி வைத்து மணி பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய மணியோசை வரும் ஒலிப்பதிவைப் போட்டுக்கொள்ளுங்கள். பழகப் பழக அது தேவைப்படாது.

முதல் மாதத்தில் வரும் தவறுகள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். தோளைத் தூக்கி வைத்துக்கொள்வதால் மூன்றாவது நிலையிலேயே கை மரத்துவிடும். முழங்கையைக் கட்டிலில் ஊன்றினால் சரியாகும். கையை வைப்பதற்குப் பதில் அழுத்துவார்கள். ரெய்கியில் அழுத்தம் இல்லை, ஒரு கைக்குட்டையின் பாரம் போதும். முகத்தின் மேல் உள்ளங்கையை மூக்கருகில் வைத்தால் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். கண்களின் மேல் கை வைக்கும்போது நடுவில் ஒரு டிஷ்யூ போடுங்கள், கட்டைவிரல்கள் மூக்கின் இரு பக்கமும் விலகியிருக்கட்டும். முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். வயதானவர் என்றால் பக்கவாட்டில் திரும்பி, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவரிடம் ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்காமல் படுக்கவைக்காதீர்கள்.

முழங்கால் வலிக்காரப் பெரியவர்கள் கட்டிலில் ஏறுவதே பாடு. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து அரை மணியில் முடிக்கும் சுருக்கமான முறையையும் பழகி வையுங்கள். அக்கம்பக்கத்துப் பாட்டிகளுக்கு அதுதான் தோதுப்படும்.

5. சின்னங்கள், தீட்சை: ஆசிரியருக்கான உண்மையான பாடம்

இரண்டாம் நிலையில் மூன்று சின்னம்: சோ கு ரே, சே ஹே கி, ஹோன் ஷா ஸே ஷோ நேன். மாஸ்டர் நிலையில் தை கோ மியோ. கடைசி இரண்டும் ஜப்பானியக் காஞ்சி எழுத்துகளால் ஆனவை. ஹோன் ஷா ஸே ஷோ நேன் ஐந்து எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அதனால்தான் எல்லாருக்கும் அது குழம்புகிறது. தை கோ மியோ மூன்று எழுத்து. முதல் எழுத்து மூன்று கோடு, அடுத்தது ஆறு, கடைசி எட்டு, ஆக மொத்தம் 17 கோடு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற வரிசையில் எழுதினால் கை தானாகப் போகும். படத்தைப் பார்த்து ஓவியம் மாதிரி வரைந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வடிவம் வரும்.

இதற்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. சீன எழுத்துப் பயிற்சிக்காகப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கட்டம் போட்ட நோட்டு, பாப்புலர் புத்தகக் கடையில் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, தினம் ஒரு பக்கம். சீன நண்பர் யாராவது இருந்தால் கோட்டு வரிசை சரியா என்று காட்டிக் கேளுங்கள், இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார். சின்னத்தை வெளியாருக்குக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு உங்கள் குருவுக்கு இருந்தால், தை, கோ, மியோ என்று தனித்தனி எழுத்தாகக் கேளுங்கள். அவை பெரிது, ஒளி, பிரகாசம் என்ற சாதாரணச் சொற்கள்தான்.

சோ கு ரே சுருள் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று இணையத்தில் தேடினால் இரண்டு விடையும் கிடைக்கும். உங்கள் குருவழியில் எப்படியோ அப்படியே வையுங்கள். பாதியில் மாற்றினால் உங்கள் மாணவர்களின் கையேடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

இனி தீட்சை. தகாட்டா வழியில் முதல் நிலைக்கு மட்டும் நான்கு தீட்சை. மாணவர் கண்மூடி, கைகூப்பி நாற்காலியில் இருப்பார். நீங்கள் பின்னால் நின்று தொடங்கி, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய் முடிப்பீர்கள். நுணுக்கம் ஒவ்வொரு குருவழியிலும் மாறும், அதை உங்கள் குருவிடம்தான் கற்க வேண்டும். ஆனால் கீழே உள்ளவை எங்கேயும் பொருந்தும்.

நாற்காலிக்குப் பின்னால் சுவர்வரை குறைந்தது 70 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் குனியும்போது உங்கள் இடுப்பு சுவரில் இடித்து மாணவர் திடுக்கிடுவார். நாற்காலி மிகவும் தாழ்வாக இருந்தால் நான்காவது ஆளுக்குள் உங்கள் முதுகு போய்விடும். தாழ்வானால் மாணவருக்கு ஒரு மெத்தை போட்டு உயர்த்துங்கள். வளையல், கொலுசு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். கண்மூடி இருப்பவருக்கு அந்தச் சத்தம் இரண்டு மடங்கு கேட்கும். தீட்சையில் ஊதும் கட்டம் ஒன்று பல வழிகளில் உண்டு. காலையில் வெங்காயச் சட்னி சாப்பிட்டிருந்தால் பல் துலக்கிவிட்டு வாருங்கள். தோள், உச்சந்தலை, கை மூன்றையும் தொடப்போகிறீர்கள் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முக்காடு அணிந்தவர் விரும்பினால் தலைக்கு மேலே தொடாமல் செய்யலாம்.

வரிசையை மனப்பாடம் செய்ய ஒரே வழி நாற்காலியில் தலையணை வைத்துத் தினம் இரண்டு முறை செய்வது. ஒரு மாதம். கைப்பேசியில் படமெடுத்து, குருவிடம் காட்டுங்கள். ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வரும்வரை நிஜ மாணவரைத் தொடவேண்டாம்.

6. கட்டில், அறை

மடக்குக் கட்டில் வாங்கும்போது நீளம் 185, அகலம் 70 சென்டிமீட்டர் அளவு போதும். எடை 15 கிலோவுக்கு மேல் போனால் பேருந்தில் தூக்கிப் போக முடியாது. இரு முனைகளிலும் காலுக்குக் குறுக்கே கம்பியோ கயிறோ ஓடாத வகையைத் தேடுங்கள். ரெய்கி செய்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிலுக்கு அடியில் நுழைக்க வேண்டும். மசாஜுக்கான சாதாரணக் கட்டிலில் குறுக்குக் கட்டை முட்டியில் இடிக்கும், இருபது நிமிடம் வளைந்தே உட்கார வேண்டியிருக்கும். கடையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குளிர்சாதனம் 25, 26 டிகிரி. அசையாமல் படுத்திருப்பவருக்கு அரை மணியில் குளிரெடுக்கும், மெல்லிய போர்வை ஒன்று எப்போதும் கால்மாட்டில் இருக்கட்டும். ஊதுபத்தி வேண்டாம். மூடிய அறையில் ஆஸ்துமாக்காரருக்கு அது பெரிய தொல்லை.

7. எங்கே நடத்துவது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் சிறிய அளவில் வீட்டுத் தொழில் நடத்த அனுமதிக்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் எல்லாத் தொழிலும் அதில் அடங்காது. மசாஜ், கிளினிக் போன்றவை வீட்டில் கூடாது. விளம்பரப் பலகை வைக்கக்கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு ஆகக்கூடாது. தாழ்வாரத்தில் எட்டு ஜோடி செருப்பு கிடந்தால் புகார் போக அதிக நாள் ஆகாது. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். உங்கள் ரெய்கி அமர்வை விவரித்து, தொட்டுச் செய்வதா இல்லையா என்பதையும் சொல்லி, வீவகவுக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

மசாஜ் நிலையங்களுக்குப் போலிஸ் உரிமம் தேவை, சட்டம் கடுமையானது. கையை வைத்து அழுத்தாமல் செய்வது மசாஜ் இல்லை என்று நீங்களே முடிவுகட்டாமல், கடையோ அறையோ வாடகைக்கு எடுக்கும் முன் போலிஸ் உரிமப் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள். ரெய்கியோடு தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, பாத அழுத்தம் என்று எதையும் சேர்க்காதீர்கள். அந்தச் சேர்க்கை உங்களை வேறு சட்டத்துக்குள் தள்ளிவிடும்.

வகுப்புக்கு அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே நிம்மதி. யோகா நிலையங்கள், சிறு பயிற்சி அறைகள் கிடைக்கும். சமூக மன்ற அறைகளையும் இணையத்தில் பதிவு செய்யலாம், ஆனால் கட்டணம் வாங்கும் வகுப்பு என்பதை மறைத்துக் குடும்ப நிகழ்ச்சி என்று பதிவு செய்யாதீர்கள். மன்றத்தின் பாடமாகவே நடத்த விரும்பினால் மக்கள் கழகத்தில் பயிற்றுநராக விண்ணப்பிக்க வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஒன்று. வீவக கட்டடங்களில் துளைப்பது, உடைப்பது போன்ற சத்தமான புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாளில்தான் அனுமதி. வீட்டில் யாருக்காவது தீட்சைப் பயிற்சி செய்வதென்றால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

8. தொழில் பதிவு

அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. பெயரோடு ‘ரெய்கி’ என்று ஒரு சொல் சேர்த்தாலும் பதிவு வேண்டும். தனியுரிமைத் தொழிலுக்குப் பெயர் விண்ணப்பம் 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவு 100 வெள்ளி, மூன்றாண்டுக்கு 160 வெள்ளி. சிங்பாஸ் வைத்து அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நீங்களே செய்துவிடலாம். முகவருக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பது வீண். வீவக வீட்டு முகவரியைத் தொழில் முகவரியாகக் கொடுப்பதற்கு முன் வீட்டு அலுவலகத் திட்டத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

உங்கள் பாடத்துக்கு ‘டிப்ளமா’ என்று பெயர் வைக்காதீர்கள். டிப்ளமா, பட்டம் தரும் தனியார் பாடங்கள் தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ‘பங்கேற்புச் சான்றிதழ்’, ‘ரெய்கி முதல் நிலைச் சான்றிதழ்’ போதும்.

9. விளம்பரத்தில் என்ன எழுதலாம்

‘மன அமைதிக்கும் ஓய்வுக்கும் உதவும் பயிற்சி’ என்று எழுதுங்கள். குணமாக்கும், நோய் தீர்க்கும் என்ற சொற்கள் வேண்டாம். புற்றுநோய், நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, சிறுநீரக நோய், குழந்தையின்மை போன்றவற்றுக்குத் தீர்வு என்று விளம்பரம் செய்வதை மருந்துச் சட்டம் தனிப் பட்டியல் போட்டுக் கட்டுப்படுத்துகிறது. மாணவர் ஒருவர் ‘என் சர்க்கரை இறங்கிவிட்டது’ என்று எழுதிய பாராட்டை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒட்டினாலும் அது உங்கள் விளம்பரம்தான்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் ரெய்கி உதவுமா என்று பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பது), சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. வருபவர் உங்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் உங்களைச் சேரும். ‘மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்’ என்ற வரி விளம்பரத்திலும், படிவத்திலும், வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலும் இருக்க வேண்டும்.

பல சமயத்தவர் ஒரே வகுப்பில் வருவார்கள். சாமி படமோ விளக்கோ வைப்பதாக இருந்தால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

10. படிவங்கள்

இரண்டு தாள் போதும். ஒன்றில் பெயர், தொடர்பு எண், அவசரத்துக்கு அழைக்க ஒருவர், இப்போதுள்ள உடல்நிலை, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை. அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினால் அல்லது ஒருவர் யாரென்று மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தால் தவிர, அதைச் சேகரிக்கக்கூடாது. அட்டையைப் படமெடுத்து வைப்பதும் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்து, பெற்றோரில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது தாள் ஒப்புதல்: எந்த இடங்களில் கை வைக்கப்படும், எங்கே வைக்கப்படாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். மார்பையும் இடுப்புக்குக் கீழேயும் தொடவே கூடாது. அந்த நிலைகளில் ஒரு சாண் மேலே கையை நிறுத்துங்கள். எதிர்ப்பாலினத்தவர் வந்தால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது மூன்றாவது ஆள் இருக்கட்டும். மானபங்கப் புகார் ஒன்று வந்தால், பொய்யாகவே இருந்தாலும், தொழில் அன்றோடு போய்விடும்.

காப்புறுதி எடுத்தால் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தில் ‘ரெய்கி’ என்ற சொல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆரோக்கியச் சேவை’ என்று பொதுவாக இருந்தால் இழப்பீடு கேட்கும் நாளில் தகராறாகும். முதலுதவி, சிபிஆர் பாடம் ஒன்றையும் முடித்து வையுங்கள். யாராவது மயங்கினால் கையை வைத்துக்கொண்டு நிற்காமல் 995 அழைக்க வேண்டும்.

11. முதல் வகுப்பு

நான்கு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கணக்கு எளிது. நான்கு பேர், ஆளுக்கு நான்கு தீட்சை, ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்றால் தீட்சைக்கு மட்டும் 192 நிமிடம், அதாவது மூன்று மணிக்கு மேல். எட்டுப் பேர் சேர்த்தால் ஏறக்குறைய ஆறரை மணி. பாடம் எடுக்க நேரமே இருக்காது, கடைசி ஆளுக்கு நீங்கள் சோர்ந்துபோய்க் கொடுப்பீர்கள். ஒருவருக்குத் தீட்சை நடக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் கைப்பேசி எடுத்துவிடுவார்கள்.

பணக் கணக்கு ஓர் எடுத்துக்காட்டு: நான்கு பேர், ஆளுக்கு 280 வெள்ளி, வரவு 1,120. அறை இரண்டு நாள் 16 மணி, மணிக்கு 20 வெள்ளி என்றால் 320. கையேடு அச்சு, தேநீர், பலகாரம் 110. மிச்சம் 690. வகுப்பு 16 மணியோடு தயாரிப்பு, செய்திக்குப் பதில், பின்தொடர்தல் எல்லாம் 14 மணி சேர்த்தால் மணிக்கு 23 வெள்ளி. மாதம் ஒரு வகுப்பை வைத்து வேலையை விட முடியாது என்பதை இந்த எண் சொல்லும். வேலையை விடாமல் தொடங்குங்கள்.

வகுப்பு முடிந்த மறுநாளிலிருந்து 21 நாளும் மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று. 7ஆம் நாள், 14ஆம் நாள், 21ஆம் நாள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். சான்றிதழை வகுப்பு முடிந்தவுடன் கொடுக்காமல் 21ஆம் நாளுக்குப் பிறகு கொடுப்பது என் பரிந்துரை. பதிவின்போதே இதைச் சொல்லியிருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

12. வரி

ஒவ்வொரு வரவையும் செலவையும் தேதியோடு ஒரு விரிதாளில் போட்டு, ரசீதுகளை ஐந்து ஆண்டு வையுங்கள். சுயதொழில் வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் மின்வழியில் ஏப்ரல் 18க்குள் தெரிவிக்க வேண்டும். செலவு போக ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) சந்தா கட்ட வேண்டும், அதற்கான அறிவிப்பு பிறகு வரும். அறை வாடகையும் அச்சுச் செலவும் கழிக்கக்கூடியவை. நீங்கள் ஆசிரியராவதற்கு முன் குருவுக்குக் கட்டிய பயிற்சிக் கட்டணத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கும் முன் ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர் பேநவில் அனுப்பும்போது குறிப்பில் பெயரும் நிலையும் எழுதச் சொல்லுங்கள், ஏப்ரலில் ஒரு மாலையில் கணக்கு முடிந்துவிடும்.